வலது இஞ்சினின் மூன்று முட்கள்

ஓடுபாதையில் பாதி தூரம் ஓடிய விமானம் வேகம் தணிந்து, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. கதவு திறந்ததும் முதலில் இறங்கியவர் அப்துல் ஜப்பார். போர்ட் பிளேர் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். மற்றவர்கள் கவலையோடு இறங்க, அவர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி.

பின்னாலேயே வந்தாள் மகள் மஸூதா. அவளுக்குக் கல்கத்தாவில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மறுநாள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். வாப்பாவும் மகளும் கப்பலில் போவதாகத்தான் இருந்தது. நிக்கோபார் பக்கம் கடல் கொந்தளித்ததில் கப்பல் வந்து சேரவில்லை. எத்தனையோ முறை கடல் கடந்த ஜப்பாருக்கு விமானம் என்றாலே பயம்.

"பாத்தியா புள்ளே, அல்லாவே வேணாங்கிறான். கப்பல் வரட்டும்" என்றார்.

"இஞ்சினியர் என்ன சொல்றாருன்னு பாப்போம் வாப்பா."

இஞ்சினியர் பக்தவத்சலம் ஊரின் பத்துபஸ்தி பகுதியில் குடியிருந்தார். செங்கல்பட்டுக்காரர். அந்த நாளில் தீவில் விமானம் பழுதானால் பார்ப்பதற்கு அவரும் ஓர் உதவியாளரும்தான். உதவியாளர் மலேரியாவில் படுத்திருந்தார்.

வங்காளி கேப்டன் இறங்கி வந்து சொன்னார். வேகம் எடுத்தபோது வலது இஞ்சினின் எண்ணெய் அழுத்தம், எரிபொருள் அழுத்தம், முறுக்கு விசை, மூன்றையும் காட்டும் முட்கள் ஒன்றாகத் துடித்துக் கீழே விழுந்தன. திரும்பி வந்ததும் மூன்றும் தாமாகவே எழுந்து நின்றுவிட்டன.

"அப் சப் டீக் ஹை, பக்தவத்சலம். சலேங்கே?" எல்லாம் சரியாகிவிட்டதே, போகலாமா என்று கேட்டார் கேப்டன்.

"நஹி சாப். தானா சரியானது தானா மறுபடியும் கெடும்."

இஞ்சினில் கோளாறு இல்லை என்பது பக்தவத்சலத்துக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் சுத்தமாக இருந்தது. மூன்று உணர்கருவிகளும் ஒரே நொடியில் கெட்டுப்போகவும் வழியில்லை. மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: மின்சாரம். விமானத்துக்குள் ஒரு சின்னப் பெட்டியிலிருந்துதான் மூன்றுக்கும் கரண்ட் போகிறது. ஒன்று, பெட்டியே சோர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றில் ஒரு கம்பி எங்கோ உலோகத்தில் உரசி, எல்லோருடைய கரண்டையும் இழுத்துக் குடிக்க வேண்டும். இஞ்சின் அதிரும்போது மட்டும் உரசினால், நின்றபின் எப்படித் தேடினாலும் அகப்படாது. கையால் உலுக்கித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு இன்னொரு ஜோடி கண்கள் வேண்டும்.

அந்நேரம் பார்த்து ஜப்பார் பக்கத்தில் வந்து நின்றார். "சார், இன்னிக்கு ஆவாதுன்னு சொல்லிடுங்களேன். புள்ளைய நான் சமாதானம் பண்ணிக்கிறேன்."

பக்தவத்சலம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பாய், கண்ணு நல்லாத் தெரியுமா?"

"கண்ணுக்கு என்ன? நூலு எண்ணிப் பாத்துத் துணி வாங்குறவன்."

"அப்ப உள்ள வாங்க."

கேப்டன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். திறந்து வைத்த பெட்டிமுன் ஜப்பாரை உட்கார வைத்து, மீட்டர் ஒன்றை இணைத்து மடியில் கொடுத்தார் பக்தவத்சலம். "முள்ளு இந்தக் கோட்டுல நிக்கணும். விழுந்தா குரல் குடுங்க." சொல்லிவிட்டு வெளியே ஏணியில் ஏறி, இஞ்சின் மூடியைத் திறந்து, கம்பிக் கற்றையைப் பிடித்து உலுக்கத் தொடங்கினார்.

முள் அசையவில்லை. ஜப்பாருக்கு உற்சாகம்தான். ஒன்றும் அகப்படவில்லை என்றால் இன்று பயணம் கிடையாது. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே முள் சரிந்தது. சரிந்து, மறுபடி எழுந்தது.

அவர் வாயைத் திறக்கவில்லை. சன்னல் வழியே பார்த்தார். மஸூதா ஏணியடியில் நின்று, பக்தவத்சலம் கேட்கும் கருவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கேப்டனோ கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி இருந்தார். ஓடுபாதையில் விளக்கு கிடையாது. இருட்டுவதற்குள் கிளம்ப அவருக்கு அவசரம். ஒன்றும் இல்லை என்று அவர் கிளம்பிவிட்டால்? இந்த முள் கடலுக்கு மேலே போய் விழுந்தால்?

"விழுந்துச்சு சார்" என்று கத்தினார் ஜப்பார். "இப்பத்தான். மறுபடி உலுக்குங்க. ஆங், விழுது, விழுது."

பக்தவத்சலம் உள்ளே ஓடிவந்து, முதல் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றினார். போய் உலுக்கினார். "இன்னும் விழுது" என்றார் ஜப்பார். இரண்டாவதைக் கழற்றினார். உலுக்கினார். முள் அசையவில்லை.

"இப்ப?"

"மலை மாதிரி நிக்கிது சார். இன்னொரு தடவை உலுக்குங்க, எதுக்கும்."

இரண்டாவது, எரிபொருள் அழுத்தத்தின் கம்பி. அதன் நுனியில் இருந்த உணர்கருவியைத் தனியே கழற்றிச் சோதித்தார், அதில் குறையில்லை. கம்பியின் வழியே விரலை ஓட்டிக்கொண்டே போனவர் இஞ்சினின் பின்பக்கம் நின்றார். கம்பியைப் பிடித்து நிறுத்தும் வளையத்தில் ரப்பர் உப்புக்காற்றில் இற்றுப்போய், கம்பியின் உறை உரசித் தேய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது.

"மஸூதா, இங்க பாரும்மா. இவ்ளோதான் விஷயம்."

அவள் ஏணியில் ஏறிப் பார்த்தாள். ஜப்பாரும் இறங்கி ஓடி வந்து, மகளை இறங்கச் சொல்லிவிட்டுத் தானும் ஏறிப் பார்த்தார். "இந்த நகத்தளவு எடமா மூணையும் சாச்சுது" என்றார்.

புதுக் கம்பி, புது வளையம். இஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது மூன்று முட்களும் அசையாமல் நின்றன. அப்படித்தான் நிற்கின்றனவா என்று கேப்டனின் தோளுக்குப் பின்னால் நின்று ஜப்பாரும் பார்த்துக்கொண்டார்.

"கப்பல்ல வர்றீங்களா வாப்பா? நான் தனியாப் போயிக்கிறேன்" என்றாள் மஸூதா.

"யாரு பாத்துக்குவா இந்த முள்ளையெல்லாம்? ஏறு புள்ளே."

வெயில் சாய்வதற்குள் விமானம் எழும்பியது. பக்தவத்சலம் மண்ணெண்ணெயால் கைக்கரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வயர்லெஸ் அறையிலிருந்து கிருஷ்ணமூர்த்தி சிரித்தபடி வந்தார்.

"கேப்டன் பேசுனாரு சார். எல்லாம் டீக்காம். ஆனா அந்த பாய் காக்பிட் வாசலை விட்டு நகரமாட்டேங்கிறாராம். முள்ளு நிக்குதா, நிக்குதான்னு கேட்டுக்கிட்டே இருக்காராம்."

"பொண்ணு?"

"தூங்குதாம்."

பக்தவத்சலம் வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிருஷ்ணமூர்த்தியின் டிபன் கேரியரில் மீன்குழம்பு மிச்சம் இருந்தது. இருவரும் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.