கூஜாவைக் கண்ட கை

சாப்பாட்டு மேசையில் அவரும் மச்சினனும் வேலையைப் பற்றி மூச்சு விடுவதில்லை. இருவரும் கம்ப்யூட்டர் சில்லு செய்யும் எதிரெதிர் கம்பெனிகளில் இன்ஜினியர்கள். சில்லுக்குள் ஓடும் நுண்கம்பிகளை அலுமினியத்திலிருந்து செம்புக்கு முதலில் மாற்றப்போவது யார் என்பதுதான் கம்பெனிகளுக்குள் போட்டி. யார் கேட்டாலும், "நாங்க இன்னும் அலுமினியம்தான்" என்று இருவருமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்.

அன்று அவர் மனைவி, புதிதாக வாங்கிய செம்புக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். மச்சினன் நெருப்பைத் தொட்டவன் போலக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"பாம்பையா கொண்டாந்து வச்சேன்? எதுக்கு இந்தப் பதறல்?" என்றாள் அவள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. செம்பு பட்ட கை சிலிக்கான் பக்கம் போனால் சில்லு பாழ். அதற்காகத் திட்டு வாங்கி வாங்கிப் பழகிப்போனவனுக்குத்தான் இப்படிக் கை பதறும். அலுமினியக்காரனுக்கு என்ன வந்தது?

வயிறு சரியில்லை என்று முனகிக்கொண்டே குளியலறைக்கு ஓடினார். கதவைத் தாழிட்டு மேலாளருக்குப் போன் போட்டார்.

"சார், அவங்களும் செம்புக்கு வந்துட்டாங்க! கூஜாவைப் பார்த்ததும் பய கையை இழுத்துட்டான்!"

"சபாஷ்! அப்போ உங்க கை எங்கய்யா இருந்தது?"

அவர் குனிந்து பார்த்தார். இடது கை இன்னும் அக்குளுக்குள் பத்திரமாகச் செருகிக் கிடந்தது.

கதவு தட்டப்பட்டது.

"மாமா, சீக்கிரம் வாங்க. நானும் ஒரு போன் பண்ணணும்."