டைனோசருக்குள் யார்

படம் யூடியூபில் வந்துவிட்டது என்று கொழுந்தன் மனோகர் வந்து சொன்ன நாளிலிருந்து பாக்கியவதி அதைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். தலைவலி, தண்ணீர் வரும் நாள், அமாவாசை என்று ஏதாவது ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை மகள் லதாவும் வீட்டில் இருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மனோகரும் மிக்சர் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். சொல்ல வேறு சாக்கு கிடைக்கவில்லை.

அவள் கணவர் காத்தவராயன் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், அது மூடும்வரை பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். நெஞ்சில் கல்தூசி சேர்ந்து, போன தை மாதம் போய்ச்சேர்ந்தார். சில வருடங்களுக்கு முன், மூச்சு அவ்வளவு மோசமாகாத காலத்தில், பெங்களூரிலிருந்து ஒரு கூட்டம், தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண்மேட்டில் டைனோசர் படம் எடுக்க வந்தது. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு டைனோசர். ஸ்பஞ்சும் தார்ப்பாயும் வைத்துத் தைத்தது. உள்ளே குள்ளமான ஆள்தான் நுழைய முடியும். வெயிலில் ஒருவரே தாங்க மாட்டார் என்று காத்தவராயனும் மனோகரும் மாற்றி மாற்றி நுழைந்தார்கள். எடுத்த படம் எங்கோ முடங்கிக் கிடந்து, இப்போதுதான் வெளியே வந்திருந்தது.

காத்தவராயன் நடமாடுகிற படம் வேறு எதுவும் வீட்டில் இல்லை. கல்யாணப் போட்டோ ஒன்று, கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கி மாலை போட்ட போட்டோ ஒன்று. போனைத் தூக்கினாலே கையை ஆட்டித் துரத்துவார். தார்ப்பாய்க்குள்ளாவது அவர் நடப்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. நடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

படம் ஓடியது. ஒட்டுத்தாடி விஞ்ஞானி ஒருவர் கன்னடத்தில் உலகம் அழியப்போவதாகச் சொன்னார். கூலிங்கிளாஸ் போட்ட கதாநாயகி சிரித்தாள். வெள்ளை மேட்டுக்குப் பின்னாலிருந்து டைனோசர் வந்தது. முதுகில் ஜிப் தெரிந்தது. வால் ஒரு பக்கமாக இழுபட்டது.

"இது நானு அண்ணி" என்றார் மனோகர்.

ஜீப்பைக் கவிழ்த்ததும் அவர்தான். ஏரியில் தண்ணீர் குடித்ததும் அவர்தான்.

"எல்லாம் நீங்களேன்னா எங்கப்பா இன்னா, டீ குடிச்சினு இருந்தாரா சித்தப்பா?" என்றாள் லதா.

மனோகர் மிக்சரைக் கீழே வைத்தார். உண்மையில் தனக்கும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். உள்ளே இருட்டு, கழுத்துப் பக்கம் ஒரு ஓட்டை, அவ்வளவுதான்; இத்தனை வருஷம் கழித்து எது யார் என்று எப்படிச் சொல்வது என்றார்.

பாக்கியவதி ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பஞ்சுக்குள் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்தார்கள். இத்தனை காலம் கூட வாழ்ந்தும் ஒரு நடை தெரியவில்லையே என்று நினைத்தாள். போதும், நிறுத்து என்றாள். லதா ரிமோட்டைத் தேடினாள்.

திரையில் கதாநாயகி பாலகாட் பக்கத்துப் பழைய சுரங்க வாய்க்குள் ஓடினாள். டைனோசர் துரத்திக்கொண்டு வந்தது. கத்திக்கொண்டே உள்ளே பாய வேண்டிய இடம். பாயவில்லை. வாசலில் நின்றது. குட்டைக் கையை உயர்த்தித் தலைக்கு மேலிருந்த பாறையைத் தட்டியது. தலையைச் சாய்த்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு. மறுபடியும் காது கொடுத்துக் கேட்டது. பிறகுதான் உள்ளே போனது. அதற்குள் கத்தி முடித்துவிட்ட கதாநாயகி, திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கத்தத் தொடங்கினாள்.

லதா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

அடியில் வேலை செய்தவர்கள் கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்க்காமல் காலெடுத்து வைக்க மாட்டார்கள். கெட்டிப் பாறை கணீரென்னும். பிடிப்பு விட்டுப்போன பாறை பொத்தென்று சத்தம் போடும்.

"நான் மில்லுல மேல கல்லு அரைச்சவன் அண்ணி. எனக்கு அதெல்லாம் தோணவே தோணாது" என்றார் மனோகர் மெதுவாக. "அண்ணன்தான் அது." டைனோசர் எதற்குப் பாறையைத் தட்டுகிறது என்று டைரக்டர் கத்தியதும், வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் அப்படியே விட்டதும் அவருக்கு இப்போது நினைவு வந்தது. "அண்ணன் உள்ளேர்ந்தே சொன்னாரு: ரூஃப் பாக்காம எப்படி சார் போறது, அந்தப் பொண்ணு வேற உள்ள நிக்குதுன்னு."

பாக்கியவதி டைனோசர் நுழைந்த சுரங்க வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "கடைசில அத சாவடிப்பாங்களா?"

"வெடி வெச்சி."

அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"சாவுறது நானு அண்ணி" என்றார் மனோகர். "இது நல்லா ஞாபகம் இருக்குது. அண்ணனுக்குப் படுக்க வரல. படுத்தா மூச்சு முட்டுதுன்னு எழுந்து எழுந்து உக்காந்தாரு. டைரக்டரு திட்டிட்டு என்னை உள்ள போட்டாரு."

அவளுக்குத் தெரியும். கடைசி மாதங்களில் அவர் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினார். பக்கத்தில் அவளும் உட்கார்ந்தேதான் தூங்கினாள். அவர் போன பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

சுரங்கம் முடிந்து காடு வந்தது. விஞ்ஞானி மறுபடி பேசினார். இனி நடப்பது யார் என்று அவள் தேடவில்லை. சுவரில் சாய்ந்திருந்தவள் மெல்லச் சரிந்து தரையில் படுத்தாள். கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

வெடி வெடிக்கும் இடம் வருவதற்குள் லதா சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டாள். மனோகர் தான் சாவதைத் தானே சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் செத்திருந்தார். அண்ணியை எழுப்பிக் காட்டச் சொல்லவில்லை.