எண்ணெயில் பார்க்க வேண்டிய முகம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அமலாபுரத்தில் என் எதிர்வீட்டுத் தேங்காய் வியாபாரி கொண்டலராவுடையது. ‘எழுதிக்கோங்க, ஆனா என்னைக் கொஞ்சம் தைரியசாலியாக் காட்டுங்க’ என்று சொல்லித்தான் கொடுத்தான். முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

கோதாவரியில் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த அந்த மாலையில், விதி...

விதியாவது வெங்காயமாவது! நேராகவே சொல்கிறேன். அவன் மனைவி சுகுணாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, ஏழாம் மாதத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். (உள்ளங்கை அளவு என்று எழுதி அடித்துவிட்டேன், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ‘உரிச்ச தேங்கா ரெண்டோட எடை இருந்தா அதிகம்’ என்றான் வியாபாரி. அதுவே இருக்கட்டும்.) சுகுணா தீவிர சிகிச்சைப் பிரிவில் மயங்கிக் கிடந்தாள்.

2

பிறந்த நட்சத்திரம் சரியில்லை என்றார் புரோகிதர். அதே நட்சத்திரம் திரும்பி வரும் நாளில் தகப்பன் முதலில் எண்ணெய்க் கிண்ணத்தில்தான் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குமுன் நேரில் பார்த்தால் குழந்தைக்கு ஆகாது.

‘சாமி, டாக்டர் குறிச்ச பிரசவத் தேதிக்கு என்ன நட்சத்திரம்னு பாருங்களேன். அவசரப்பட்டு வந்தது அவ. ஆஸ்பத்திரியிலயே வளர்ச்சியை அந்தத் தேதியை வெச்சுத்தான் பார்ப்பாங்களாம்’ என்று பேரம் பேசினான் கொண்டலராவ்.

‘அது அவங்க கணக்குப்பா. என் பஞ்சாங்கத்துல அதுக்கு இடமில்லை.’

‘மாப்பிள்ளை, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், பார்த்துடாதீங்க’ என்று அழுதார் மாமியார் மாணிக்யம்மா. கொண்டலராவ் சத்தியம் செய்தான். அவனுக்கும் உள்ளூர பயம்தான்.

3

மறுநாளே நர்ஸ் தீனம்மா கூப்பிட்டாள். குழந்தைக்குச் சூடு போதவில்லை, யாராவது வெறும் நெஞ்சில் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மாமியாருக்கு இருமல், உள்ளேயே விடமாட்டார்கள். மிச்சம் இருப்பது அப்பா. அப்பா கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான்.

‘என்ன சார், கண்ணாமூச்சியா?’

‘நட்சத்திரம், சிஸ்டர்.’

‘உதடு நீலமாச்சுன்னா யார் பார்க்கறது? நட்சத்திரமா?’

திட்டிக்கொண்டே தானே பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டையைக் கழற்றிய மாப்பிள்ளையைக் கண்ணாடி வழியே கண்ட மாமியார் மரியாதையாகத் திரும்பிக்கொண்டார். ஊரிலிருந்து டிராக்டரில் வந்த உறவுக்கூட்டம் திரும்பிக்கொள்ளவில்லை. ‘மச்சான், துண்டு நழுவுது! மோவாயைத் தூக்கு!’ என்று காவல் காத்தது.

(இங்கே சுகுணா என்ன நினைத்தாள் என்று ஒரு பத்தி இருந்தது. மயங்கிக் கிடப்பவள் என்னத்தை நினைப்பாள்? எடுத்துவிட்டேன்.)

4

தீனம்மா அடுத்த தொட்டிலுக்குப் போயிருந்தாள். நெஞ்சின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த சின்ன அசைவு நின்றது. கொண்டலராவ் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தான். வரவில்லை.

‘சிஸ்டர்!’

துண்டைப் பிடுங்கி எறிந்து குனிந்து பார்த்தான். உதடு கருநீலம். தீனம்மா ஓடிவந்து குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள். ‘இழுத்துட்டா மூச்சு, இழுத்துட்டா’ என்று அவள் சொன்ன பிறகும் அவன் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விக்கி விக்கி அழுதான். (அழுததை விட்டுவிடச் சொன்னான். விடுவேனா?)

5

அலறல் கேட்டுத் திரும்பிய மாணிக்யம்மா, கண்ணாடிக்கு வெளியிலிருந்து அவன் துண்டை எறிந்ததைப் பார்த்துவிட்டார். குழந்தையின் முகம் மட்டும் அங்கிருந்து தெரியவில்லை.

முதல் முடிவு: அவர் தலையில் அடித்துக்கொண்டு... இல்லை, அடித்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது: குழந்தை தேறி, வளர்ந்து, கலெக்டராகி... மாட்டேன். நல்லது நடந்தாலும் அவன் பார்த்ததால் என்பீர்கள், கெட்டது நடந்தாலும் அவன் பார்த்ததால் என்பீர்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். கொண்டலராவ் வெளியே வந்து தலைகுனிந்து நின்றான். மாமியார் கிட்டே வந்தார். பிறகு, உறவுக்கூட்டத்துக்குக் கேட்காதபடி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார்:

‘அதான் பார்த்துட்டீங்களே மாப்பிள்ளை... மூக்கு யாரு மாதிரி?’

அவன் பதிலை இங்கே எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள். யோசித்துச் சொல்லுங்கள், எதிரே நிற்பவர் மாமியார், அந்த முகத்தை இன்னும் பார்க்காதவர்.