பிரேக் இல்லாத பக்கம்

அம்மாவின் வலது காலுக்கு அந்த ஊரில் தனி மரியாதை உண்டு. முப்பத்தொரு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதன் மேல் வைத்த காலை அவள் எடுத்ததே கிடையாது. அந்தக் கால் காப்பாற்றிய கோழி, சைக்கிள், காம்பவுண்டுச் சுவர், தபால்பெட்டி எல்லாவற்றையும் கூட்டி வைத்தால் ஒரு தெருவே தேறும். கற்றுக்கொண்டவர்கள் வைத்த பெயர் பிரேக்கம்மா. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தக் கால் இப்போது மக்கர் பண்ணியது. முட்டி தேய்ந்துபோயிற்று, இனி அந்த சீட்டில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கற்றுக்கொடுக்க வேறு ஆள் வேண்டும். மூன்று பேரை வரவழைத்து, டாக்டர் பேச்சை மீறிப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். மூன்று பேருமே தெருமுனை தாண்டவில்லை, அதற்குள் அம்மா பிரேக்கை மிதித்துவிட்டாள். மூன்று பேரும் அங்கேயே இறங்கி நடந்து போனார்கள்.

"ஏன்மா ஊரெல்லாம் தேடறே? நான் வரேன்" என்றாள் மகள்.

அம்மா சிரித்தாள். சாதாரணச் சிரிப்பா அது! மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் சிக்னல் கம்பமே ஆடிப்போயிற்று.

"நீயா? மூணு தடவை டெஸ்ட்ல கோட்டை விட்டவ நீ. கேக்கு வண்டி ஓட்டினா டிரைவர் ஆயிடுவியா?"

மகள் எட்டு வருஷமாக ஒரு பேக்கரிக்கு வண்டி ஓட்டுகிறாள். நாலடுக்கு கேக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, உச்சியில் இருக்கும் க்ரீம் ரோஜா ஒரு இதழ்கூடச் சாயாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அது என்ன லேசுப்பட்ட காரியமா? ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்லி எடுபடாது. "கேக்குக்கு வாயில்ல. இருந்திருந்தா உன் டிரைவிங்கைப் பத்தி அதுவும் சொல்லியிருக்கும்" என்பாள்.

அந்த மூன்று தோல்விக்கும் காரணம் யார் என்பதுதான் வேடிக்கை. மகளுக்குக் கற்றுக்கொடுத்ததே அம்மாதான். மகள் பிரேக்கைத் தேடுவதற்குள் அம்மா மிதித்துவிடுவாள். ஆறு மாசம் ஓட்டியும், வண்டியை நிறுத்துவது தானா அம்மாவா என்று மகளுக்கே தெரியாது. டெஸ்ட் அன்று பக்கத்தில் அம்மா இல்லை. வண்டியும் நிற்கவில்லை. மூன்று தடவையும் அதே கதை. கடைசியில் ஊரின் அந்தக் கோடியில் இருந்த வேறொரு ஸ்கூலில் திருட்டுத்தனமாகச் சேர்ந்துதான் லைசென்ஸ் வாங்கினாள். அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

ஆனால் மகளுக்கு அந்த வேலை மேல் கொள்ளை ஆசை. பயந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் நாற்பதாம் நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டிப்போவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவள். அதை விட்டுக்கொடுக்க மனசில்லை. ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் அம்மா ஒரு பந்தயம் வைத்தாள்.

"உன் கார்லயே போவோம். கடலோர ரோட்ல லைட் ஹவுஸ் வரைக்கும். என் பக்கம் பிரேக் இருக்காது. ஆனா என் கால் சும்மா இருக்காது, உனக்கே தெரியும். பத்தாவது தடவை என் கால் தரையை மிதிச்சுதுன்னா, அதோட பேச்சு முடிஞ்சுது. அப்புறம் நீ ஸ்கூல் பக்கமே வரக்கூடாது."

"அதுக்குள்ள லைட் ஹவுஸ் வந்துட்டா?"

"வந்தா பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பிளாஸ்க்கில் டீ, டப்பாவில் பிஸ்கட், அம்மா மடியில் கைப்பை. காலில் செருப்பு, வாரை இறுக்கி மாட்டியிருந்தாள்.

வீட்டு கேட்டைத் தாண்டவில்லை, 'தொப்'.

"ஒண்ணு" என்றாள் அம்மா. ஒரு விஷயத்தில் அவளைக் குறை சொல்லவே முடியாது. கணக்கில் நாணயஸ்தி.

"அம்மா, நான் இன்னும் ரிவர்ஸே எடுத்து முடிக்கல!"

"கால் கேக்கலடி. நான் என்ன பண்ண?"

ஊர் எல்லைக்குள் இரண்டும் மூன்றும் போயின. ரவுண்டானாவில் நாலு. பாலத்தில் எதிரே வந்த லாரிக்கு ஐந்து. இன்னும் எழுபது கிலோமீட்டர் பாக்கி இருந்தது.

அப்போதுதான் கடல் வந்தது. ஒரு மேட்டில் ஏறி இறங்கினார்களோ இல்லையோ, கண் கொள்ளாத நீலம். அம்மா உட்கார்ந்த பக்கம் முழுக்க அதுதான். அலை கரையில் வந்து விழுந்து கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, பாரேன்!"

அம்மா மகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ரோட்ல எத்தனை தடவை வந்திருக்கே?"

"எரநூறு இருக்கும். கடைசி கிளாசுக்கு இங்கதான் எல்லாரையும் கூட்டிட்டு வருவேன்."

"கடலைப் பாத்திருக்கியா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "வாசனை வரும்" என்றாள்.

மகளுக்குச் சிரிப்பு பீறிட்டது. இருநூறு தடவை வந்தவள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை! எல்லார் காலையும் பார்த்தே ஆயுசு போயிருக்கிறது.

"இன்னைக்காவது பாரு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"நீ ஒழுங்கா ஓட்டு, பாக்கறேன்."

பார்க்கவும் பார்த்தாள். அரை நிமிஷம். அதற்குள் ஒரு வளைவு வந்தது, ஆறு. டீ குடிக்க ஒரு மர நிழலில் ஒதுங்கியபோது ஏழு. பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மணலில் இறங்கிக் கால் நனைத்தார்கள். அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அலைக்கு 'ஐயோ' என்றாள், அடுத்த அலைக்குக் கெக்கெக்கே என்று சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! பந்தயமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், இதுவே போதும் என்றுகூட மகளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் வண்டியில் ஏறியதும் ஆசை மறுபடி பிடித்துக்கொண்டது.

எட்டு, ஒரு மாட்டுக்கு. ஒன்பது, ஒன்றுமே இல்லாததற்கு.

"இது அநியாயம்! எதுக்குமா மிதிச்சே? ரோடு காலியா கெடக்கு!"

"காலியா கெடந்தாத்தான் பயம்" என்றாள் அம்மா. "ஒம்போது."

இருபத்திரண்டு கிலோமீட்டர் இருந்தது. இது தினம் ஓட்டுகிற பேக்கரி வண்டிதான் என்று மகள் நினைத்துக்கொண்டாள். பின்னால் ஒரு நாலடுக்கு கேக் இருக்கிறது, உச்சியில் ஒரு க்ரீம் ரோஜா. அவ்வளவுதான். வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே காலைத் தளர்த்தினாள். வண்டி தானாகவே வேகம் குறைந்து, வளைந்து, நிமிர்ந்தது. அடுத்த வளைவும் அப்படியே. அடுத்ததும்.

தொப் சத்தம் வரவில்லை. பேச்சும் வரவில்லை. என்ன கோபமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. பிரேக்கம்மா, ஓடுகிற வண்டியில், இன்னொருத்தர் ஓட்டும்போது! மகளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. சந்தோஷத்தில்தான்.

சோதனையும் உடனே வந்தது. சாலை நடுவே ஒரு நாய், அதன் பின்னால் மூன்று குட்டிகள், ஊர்வலம் போகிற மிடுக்கோடு குறுக்கே நடந்துகொண்டிருந்தன. மகள் பிரேக்கைத் தொட்டாள். மிதித்தாள் என்று சொல்ல முடியாது, தொட்டாள். கார் நின்றது. அம்மாவின் தலை ஒரு இழைகூட அசையவில்லை.

எதிரே வந்த பஸ்ஸும் நாய்க்குடும்பத்துக்காக நின்றது. டிரைவர் ஹாரன் மேல் கையை வைத்தார். மகள் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள். குட்டிகள் ஒதுங்கியதும் பஸ் ஊர்ந்து பக்கத்தில் வந்தது. டிரைவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கண் விரிந்தது.

"ஏம்மா, இது பிரேக்கம்மா இல்ல?" என்றார் ரகசியக் குரலில். "தூங்கறாங்களா?"

"ஆமாங்க."

"நான் இவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். நாப்பது நாள்ல ஒரு கொட்டாவிகூட விட்டதில்ல." அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் கை வைத்து ஒரு சல்யூட் அடித்துவிட்டு, சத்தமே இல்லாமல் பஸ்ஸை நகர்த்திக்கொண்டு போனார்.

அதற்கப்புறம்தான் அந்தச் சாலையின் அழகான இடம். மலை ஒரு பக்கம், அலை ஒரு பக்கம், திவலை கண்ணாடியில் வந்து தெறித்தது. அம்மா பார்க்க வேண்டிய இடமே அதுதான். எழுப்பலாமா? எழுப்பினால் காலும் எழுந்துகொள்ளும், பத்து விழும். பாவம் என்று ஒரு மனசு, வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்று ஒரு மனசு. இரண்டாவதுதான் ஜெயித்தது. பொய் சொல்வானேன்.

கலங்கரை விளக்கத்தின் அடியில் எஞ்சினை அணைத்தாள். அந்த அமைதியில்தான் அம்மா விழித்தாள்.

"எங்க நிக்கிறோம்?"

"லைட் ஹவுஸ்."

அம்மா தலையைத் தூக்கி உயரமான அந்த வெள்ளைத் தூணைப் பார்த்தாள். பின்னால் வந்த சாலையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள்.

"நான் தூங்கல. கண்ணை மூடிட்டிருந்தேன்."

"சரிம்மா."

"எழுப்ப வேண்டியதுதானேடி கழுதை! அந்த மலைக்கிட்ட கடல் நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க."

"எழுப்பியிருந்தா பத்து விழுந்திருக்கும்."

அம்மா கதவைத் திறந்தாள். இறங்கினாள். தூணைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகினாள், ஒரு கல்லில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். 'தூங்கினதெல்லாம் கணக்கில வராது' என்று இதோ சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள் என்று மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"முப்பத்தொரு வருஷம்டி" என்றாள் அம்மா கடைசியில். எழுந்து காருக்கு வந்தாள்.

மகள் முன்கதவைத் திறந்து பிடித்தாள். அம்மா அதைத் தாண்டிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள். ஓட்டுகிறவளின் சீட்டுக்கு நேர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னம்மா, அங்க போயி?"

"திரும்பிப் போறப்போ கடல் இந்தப் பக்கம்தானே வரும்?"

"ஆனா அங்க உக்காந்தா என் காலே உனக்குத் தெரியாதே!"

"தெரிய வேண்டாம்." அம்மா குனிந்து செருப்பு வாரைத் தளர்த்தினாள். இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தாள். முட்டி வலிக்காமல் மெதுவாகக் காலை சீட்டின் மேல் நீட்டிக்கொண்டாள். மகள் பார்த்து, வண்டியில் அவள் செருப்பைக் கழற்றியதே கிடையாது. "நாளைக்கு காலைல ஆறு மணிக்கு ஒரு பாங்க் மேனேஜர் கத்துக்க வர்றார். ரொம்ப பயந்தவர். லேட்டா வந்து என் பேரைக் கெடுத்துடாதே."

மகளுக்குக் கண் மறைத்தது. கண்ணாடியில் அம்மாவையே பார்த்துக்கொண்டு சாவியைத் திருக மறந்துபோனாள்.

"என்னை என்ன பார்வை? வண்டியை எடு" என்றாள் பிரேக்கம்மா, ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு. "நீ ரோட்டைப் பாரு. கடலை நான் பாத்துக்கறேன்."