பதினோரு நிமிடத் தூரம்

1

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்றால் அவன் முகம் சுருங்கிவிடும். சரி என்றால்? கதவைத் திறந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும் என் வீடு என்ன ஆகும்?

இப்படி நினைப்பவள் விமானி. ஒரு தீவிலிருந்து பக்கத்துத் தீவுக்கு, ஒன்பது பேர் உட்காரும் குட்டி விமானத்தை ஓட்டுகிறாள். நினைக்க வைப்பவள் நான். அவன், அந்தப் பக்கத்துத் தீவின் விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து ரேடியோவில் பேசி அவளை இறக்குபவன். நேற்று டீ குடிக்கும்போது கேட்டுவிட்டான்: "கல்யாணம் பண்ணிக்கலாமா? நாளைக்கு வரும்போது சொல்லுங்க, போதும்."

2

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் இணையப் பக்கத்தில் பிறந்தது. இரண்டு தீவு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று தேடினேன். நாற்பத்தொரு நிமிடம் என்றது. ஒரு பெண் தன் மனதை நிதானமாகத் துழாவ வேறென்ன வேண்டும்? (முதல் வரைவில் அவள் நினைவில் ஒன்றாம் வகுப்பு வரை போய்விட்டு வந்தாள்.)

எங்கள் மாடி வீட்டில் நிஜமாகவே ஒரு விமானி குடியிருக்கிறாள். படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, அந்த நேரத்துல நான் போய், டீ குடிச்சிட்டு, திரும்பியே வந்துடுவேன். பதினோரு நிமிஷம்தான்!"

"அந்தப் பக்கத்துல அப்படித்தானே போட்டிருக்கு?"

"அந்த மாதிரிப் பக்கத்துல எங்க போனாலும் ஏற, இறங்கன்னு அரை மணி நேரம் சேர்த்துப் போடுவாங்க. உங்க கதாநாயகி அவ்வளவு நேரம் யோசிச்சா தீவைத் தாண்டிப் போயிடுவா!"

3

ஆக, அரை மணி நேர யோசனையை வெட்ட வேண்டும்.

தனிமை என்பது ஒரு வகையில்

வெட்டு.

அவளுடைய முதல் காதல் அப்படி முடிந்திருக்காவிட்டால்

அதையும்தான். வெட்ட வெட்ட அவள் லேசாகிக்கொண்டே போனாள். எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: ரேடியோவில் அவன் குரல் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்காருவது. (நான் 'நெஞ்சு படபடத்தது' என்றுதான் எழுதியிருந்தேன். "விமானிக்கா? பயணிங்க இறங்கி ஓடிடுவாங்க" என்றாள் மாடி வீட்டுக்காரி.)

4

கடல் முடிந்து தீவு தெரிகிறது. நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டையும் அவள் சீண்டவே இல்லை. நான்தான் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓடுபாதையில் நாய் படுத்திருந்தால், அதை விரட்டும் வரை அவளை வானில் ஒரு சுற்று சுற்றச் சொல்வது அங்கே வழக்கம். இன்று நாய் இல்லை. ஆனாலும் அவனைக் கேட்க வைத்தேன். பாதி என் தந்திரம். பாதி அவன் பயம்.

"ஒரு சுத்து சுத்திட்டு வர்றீங்களா?"

"நாய் ஏதாவது படுத்திருக்கா?"

"இல்ல... சும்மாதான். அவசரமில்ல, யோசிச்சே சொல்லுங்க."

வாசகரே, நானும் அவளிடம் கெஞ்சினேன்: ஒரே ஒரு சுற்று, அதற்குள் நாம் மூவரும் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.

ஓடுபாதை கண்ணெதிரே காலியாகக் கிடந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"வேண்டாம். நேரா வர்றேன்."