மீட்டர் சொன்ன சாட்சி

அழகுசுந்தரம் செட்டியாரின் காருக்குப் பெரிய டயர் போடச் சொன்னதே டிரைவர் மலையாண்டிதான். தேவகோட்டைப் பக்கத்து மணல் பாதையில் பழைய டயர் புதைந்து, போகிற வருகிறவனையெல்லாம் கும்பிட்டுத் தள்ளச் சொல்ல வேண்டியிருந்தது. செட்டியார் இரங்கூன் பங்காளிக்குச் சொல்லியனுப்பி வரவழைத்தார். கார் இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. மலையாண்டி தானே உயர்ந்துவிட்ட மாதிரி நடந்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது அப்போது அவனுக்குத் தெரியாது.

அதே மதுரைப் பாதைதான், பெட்ரோலும் குறையாமல்தான் குடித்தது. ஆனால் மீட்டரில் மைல் குறைந்தது. சீமையில் செய்த மீட்டர் பொய் சொல்லாது, காரைக்குடியில் பிறந்தவன் சொல்வான் என்பது செட்டியாரின் கட்சி. மிச்சப் பெட்ரோல் எங்கே போகிறது என்று கேட்டார். சக்கரம் பெருத்தால் சுற்று குறையும், சுற்றை எண்ணுகிற மீட்டர் மைலையும் குறைத்துத்தான் காட்டும் என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் இல்லை. மலையாண்டிக்கும் தெரியாது. தான் எடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

கருப்பர் கோவிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார் செட்டியார். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. மலையாண்டி நாலு வயது மகள் கருப்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினான். பிள்ளை எதற்கு என்று மனைவி நாகவல்லி மறித்தாள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று சிரித்தான், பாவி. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். அதே கையைப் பிள்ளை தலையில் வைத்து, ஒரு சொட்டு எடுத்திருந்தாலும் இவள் எனக்கு இல்லை என்றான். பிள்ளை மேல் சத்தியம் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. செட்டியாரே ஒரு நிமிஷம் ஆடிப்போய், வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார்.

ஆடி பிறந்ததும் கருப்பிக்குக் காய்ச்சல் கண்டது. ஊரில் பல வீட்டிலும் கண்ட காய்ச்சல்தான். மற்றப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள், இவள் எழவில்லை.

அப்புறம் யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கருப்பரே தீர்ப்புச் சொன்ன பிறகு கேட்க என்ன இருக்கிறது? செட்டியார் வேறு டிரைவர் வைத்துக்கொண்டார். நாகவல்லி சோறு போட்டாள், பேச்சை நிறுத்திவிட்டாள். ஊர் சொன்னதை அவன் தாங்கிக்கொண்டான். அவளும் நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை.

புது டிரைவரிடமும் மைல் குறைந்தது. அப்போதுதான் செட்டியாருக்குச் சந்தேகம் மீட்டர் மேல் திரும்பியது. மதுரைப் பட்டறையில் மிஸ்திரி டயரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீட்டரை ஓட்டுகிற பல்சக்கரத்தை மாற்றினார். மைல் சரியாகிவிட்டது. அவ்வளவுதான் வேலை.

செட்டியார் கெட்டவரில்லை. தாமே நடந்து மலையாண்டி வீட்டு வாசலுக்கு வந்தார்.

"குத்தம் மீட்டர் மேலப்பா. நாளைக்கே வேலைக்கு வந்துரு" என்றார். அவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

மலையாண்டி உள்ளே ஓடினான். நாகவல்லி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா? நான் எடுக்கல" என்றான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க எடுத்திருந்தீகன்னா, புள்ள போனதுக்கு ஒரு காரணமாச்சும் இருந்திருக்கும்" என்றாள். "இப்ப அதையும்ல பறிச்சுட்டுப் போறாக."