டாக்டர் நஸீஃப் சொன்னால் சரி

கெய்ரோவுக்குத் தெற்கே எங்கள் மல்லவி ஊரில் பெண் கொடுக்கிறவன் பாதிரியாரிடம் போகுமுன் என் மருந்துக்கடைக்கு வருவான். "டாக்டர் நஸீஃப், அந்தப் பையன் எப்படி?" என்பான். எங்கள் பக்கம் மருந்துக்கடைக்காரனையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எவன் குடிக்கிறான், எவன் வீட்டில் அடிக்கிறான் என்பதெல்லாம் மருந்து விற்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா? இருபத்தாறு வருஷம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். 'டாக்டர் நஸீஃப் சொன்னால் சரி' என்று ஊரே சொல்லும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்?

தச்சர் ஹபஷி தன் மகள் இரீனிக்காக விசாரிக்க வரப்போவது என் அக்கா மகன் ரமிஸைப் பற்றி என்று தெரிந்தது. ரமிஸ் வலி மாத்திரைக்கு அடிமை. இரண்டு முறை நானே அவனை ஊருக்குத் தெரியாமல், வேறு பெயரில், கெய்ரோவில் சிகிச்சைக்குச் சேர்த்திருக்கிறேன். ஹபஷிக்கு முன்பே அக்கா ஃபெரியால் கடைக்கு வந்துவிட்டாள்.

"நாலு மாசமா அவன் மாத்திரையத் தொடலடா. இவ வந்தா மனுஷனாயிடுவான். உன் வாயால கெடுத்துடாத."

"என்னைக் கேக்காதீங்கன்னு சொல்லிடறேன்க்கா."

"நல்லாயிருக்கே! நீ வாயத் தொறக்கலைன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியும். அதுக்கு நேராவே சொல்லிட்டுப் போ!"

அவள் சொன்னது உண்மை. என் மௌனமும் ஒரு பதிலாகிவிட்டிருந்தது.

மறுநாள் ஹபஷி தயங்கித் தயங்கிக் கேட்டார். "தங்கமான பையன்" என்றேன், வாய் கூசாமல். அவர் என் தோளைக் கட்டிக்கொண்டார்.

"போதும் டாக்டர். இனி ஒருத்தரையும் கேக்க மாட்டேன்."

எங்கள் சபையில் கல்யாண முடிச்சு விழுந்தால் விழுந்ததுதான், அவிழ்க்க வழியில்லை. அது தெரிந்தே சொன்னேன். அன்றிலிருந்து கோவிலில் நற்கருணை வாங்க எழுந்து போக என் கால்கள் மறுத்தன.

மோதிரம் மாற்றினார்கள். தவக்கால நோன்பு தொடங்கும் முன் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ரமிஸ் கடைக்குள் வந்தான். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, ஒரே ஒரு அட்டை. கல்யாண டென்ஷன், வேறொண்ணுமில்ல."

"வெளிய போடா! இன்னைக்கே ஹபஷிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்று கத்தினேன். முட்டாள்தனம். வாயை மூடிக்கொண்டு நேரே போயிருக்க வேண்டும். சாயங்காலம் நான் தச்சுப் பட்டறைக்குப் போனபோது எனக்கு முன்பே அக்கா வந்து போயிருந்தாள்.

"ஹபஷி, நான் பொய் சொல்லிட்டேன். அவன் மாத்திரை போடறவன். கல்யாணத்த நிறுத்திடுங்க."

அவர் இழைப்பதை நிறுத்தவில்லை. "உங்கக்கா சொன்னாங்க. வீட்டுப் பங்குல உங்களுக்குள்ள தகராறாமே. தம்பி வந்து ஏதாச்சும் சொல்லுவான்னாங்க."

"ஒரு தகராறும் இல்ல. சத்தியமாச் சொல்றேன்!"

"அன்னைக்கும் இதே முகத்தோடதான் சொன்னீங்க டாக்டர். அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

"அன்னைக்குச் சொன்னதுதான்."

"அதை நான் எத வச்சு நம்பறது?"

இருபத்தாறு வருஷமாக என் வார்த்தைக்கு யாரும் சாட்சி கேட்டதில்லை. பாதிரியாரிடம் ஓடினேன். அவர் ரமிஸைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டான். கல்யாணம் நடந்தது. ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, என்னை நானே திட்டிக்கொண்டு அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து இரீனி கடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அவர் சட்டைப் பையில இருந்துச்சு மாமா. பல்வலி மாத்திரைங்கறாரு. நெசமா இது என்ன?"

சொன்னேன், ஒன்று விடாமல். கெய்ரோ, நடுக்கம், நான் சொன்ன பொய் எல்லாவற்றையும். அவள் அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சரி மாமா. எதுக்கும் வேற கடையிலயும் ஒருதரம் கேட்டுக்கறேன்" என்று சொல்லி, தெருவைத் தாண்டி எதிர் மருந்துக்கடைக்குள் போனாள்.